அப்பா தன் நல்லடக்கத்தைப் பற்றிப் பேசட்டும்

கேள்வி:

போதகர் ஐயா, நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம். என் அப்பாவுக்கு 71 வயது. கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோ இனி உதவாது, வீட்டில் வைத்து வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னையும் கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனையும் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜெபக்குழுவினர் வாரம் இரண்டு முறை வந்து "சுகமாகிவிட்டது" என்று அறிக்கையிடுகிறார்கள். "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்ற வசனத்தைச் சொல்லி, மரணம் என்ற சொல்லே இந்த வீட்டில் வரக்கூடாது என்கிறார்கள். ஆனால் அப்பாவே அந்தப் பேச்சை எடுக்கிறார். "என்னை எங்க வைப்பீங்க? சுங்கை பாக்காப்புல எங்கம்மா பக்கத்துலயா?" என்று கேட்டார். "அந்தப் பேச்சை வாயில எடுக்காதீங்க" என்று அம்மா அடக்கிவிட்டார். டாக்டர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். "நீ இப்படிப் பேசிப் பேசித்தான் அவனுக்கு முத்திப்போச்சு" என்றார். எனக்குத் தூக்கமே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. 14 வருடத்துக்கு முன்பு என் கல்யாண விஷயத்தில் அப்பாவோடு சண்டை போட்டு, "நீங்க செத்தாக்கூட இந்த வாசல மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். குழந்தை பிறந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த வார்த்தையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அதுதான் இப்போது பலிக்கிறதா? அப்பாவோடு சாவைப் பற்றிப் பேசுவது அவிசுவாசமா?

— ஒரு மகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, பலிக்கவில்லை. 14 வருடத்துக்கு முன்பு கோபத்தில் சொன்ன வார்த்தை உங்கள் அப்பாவின் கணையத்தில் நோயாக வளரவில்லை. டாக்டர் சொன்னதை நீங்கள் அத்தையிடம் சொன்னதால் நோய் முற்றவும் இல்லை. கணையம் வயிற்றுக்குள் ஆழமான இடத்தில் இருக்கிறது. அங்கே வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. எடை குறைகிறது, முதுகு வலிக்கிறது, கண் மஞ்சளாகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பல பேருக்கு ஏற்கெனவே பரவியிருக்கும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அதுதான். அத்தை தன் தம்பியை இழக்கப்போகிற வேதனையில், யார் மேலாவது பழியைப் போட வேண்டும் என்று தவித்து, பக்கத்தில் இருந்த உங்கள் மேல் போட்டுவிட்டார். அவரை மன்னியுங்கள். ஆனால் அந்தப் பழியை நீங்கள் சுமக்கத் தேவையில்லை.

வாய் திறந்து சொன்னால் சாவு வந்துவிடும் என்றால் வேதாகமத்தில் பல பேருடைய கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஈசாக்கு தன் மூத்த மகன் ஏசாவைக் கூப்பிட்டு, நான் கிழவனாகிவிட்டேன், எப்போது சாவேனோ தெரியாது என்றார். அதற்குப் பிறகு இளைய மகன் யாக்கோபு ஊரைவிட்டு ஓடி, மாமன் வீட்டில் 20 வருடம் வேலை செய்து, பெரிய குடும்பத்தோடு திரும்பி வந்தபோதும் ஈசாக்கு உயிரோடுதான் இருந்தார். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று வாய்விட்டே கேட்டார். அவருக்கு வந்தது சாவு அல்ல. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும்தான் வந்தன. களைத்துப்போன ஒரு மனுஷன் பேசியதைக் கர்த்தர் அவருக்கு எதிராகப் பதிவு செய்து வைக்கவில்லை. தூங்கவைத்தார், சாப்பிடவைத்தார்.

சரி, அந்த வசனத்துக்கு வருவோம். அது சத்தியம்தான், நான் அதை முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் நீதிமொழிகள் 18ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். அங்கே கோள்சொல்லுகிறவன் இருக்கிறான். வழக்கில் முதலில் பேசி நல்லவனாகத் தெரிகிறவன் இருக்கிறான். கோபங்கொண்ட சகோதரன், கெஞ்சும் ஏழைக்குக் கடினமாகப் பதில் சொல்லும் பணக்காரன் எல்லாரும் இருக்கிறார்கள். மனுஷர் ஒருவருக்கொருவர் பேசுவதையும், அந்தப் பேச்சு எதிரில் இருப்பவரை என்ன செய்கிறது என்பதையும் பற்றிய அதிகாரம் அது. பட்டணத்து வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்து நியாயம் தீர்த்த காலத்தில், இரண்டு பேர் பொய்சாட்சி சொன்னால் ஒருவன் உயிர் போகும். ராஜா கேட்ட திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்த நாபோத்துக்கு அப்படித்தான் போயிற்று. நாவின் அதிகாரத்தில் மரணம் இருந்தது அங்கேதான். நோயின் பெயரை உச்சரித்தால் நோய் வளரும் என்ற செய்தி அந்த அதிகாரத்தில் எங்கேயும் இல்லை.

அந்த எண்ணம் நமக்கு வேறு இடத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். பாதி, 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வளர்ந்து கேசட்டிலும் டிவியிலும் உலகம் முழுவதும் பரவிய 'அறிக்கையிட்டுப் பெற்றுக்கொள்' போதனை. மீதிப் பாதி நம் பாட்டிமார் காலத்துப் பயம். "நல்ல வார்த்தை சொல்லு", "வாய் முகூர்த்தம் பலிச்சிடும்" என்று கேட்டுத்தானே வளர்ந்தோம்? நம்மைச் சுற்றியும் அதே பயம் இருக்கிறது. பினாங்கில் எத்தனை அடுக்குமாடிகளில் லிஃப்டுக்குள், சீன மொழியில் சாவு என்பதுபோல ஒலிக்கிறது என்று 4க்குப் பதிலாக 3ஏ என்று போட்டிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சாவைக் கண்டு பயப்படுவது மனுஷ இயல்பு, அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு வசனத்தைப் போர்த்தி, அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. மரணம் என்ற சொல்லே வரக்கூடாது என்றால் "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்ற சங்கீதத்தை அந்த வீட்டில் எப்படி வாசிப்பார்கள்? திருவிருந்தில் ஒவ்வொரு முறையும் கர்த்தருடைய மரணத்தைத் தெரிவிக்கிறோமே, அதை எப்படிச் செய்வார்கள்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசி மூச்சு வரைக்கும் கேளுங்கள். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசியே வந்து, "நீர் பிழைக்கமாட்டீர், மரித்துப்போவீர்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தார். அவருடைய பிளவையின் மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டினார்கள். கர்த்தர் 15 வருடம் கூட்டிக் கொடுத்தார். தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்த மரண வார்த்தையே தேவனுடைய கையைக் கட்டவில்லை. ஒரு மகள் டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னதா கட்டிவிடும்? அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்களையும் நினைத்துப் பாருங்கள். எங்கள் தேவன் விடுவிப்பார் என்றார்கள். அதே மூச்சில் "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். இன்றைக்கு உங்கள் வீட்டு வரவேற்பறையில் யாராவது அந்த இரண்டாவது சொல்லைச் சொன்னால் உடனே வாயைப் பொத்தியிருப்பார்கள். அன்றைக்கு அவர்களுடைய விசுவாசம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருந்தது.

இனி உங்கள் அப்பாவின் கேள்வி. என்னை எங்கே வைப்பீர்கள், அம்மா பக்கத்திலா என்று கேட்டார் அல்லவா? அதை வாசித்தபோது எனக்கு யாக்கோபுதான் ஞாபகத்துக்கு வந்தார். எகிப்தில் படுக்கையில் கிடந்துகொண்டு, இதோ நான் மரணமடையப்போகிறேன், தேவன் உங்களோடே இருப்பார் என்று யோசேப்பிடம் சொல்கிறார். பிறகு பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு, மக்பேலா குகையில் என்னை வையுங்கள், அங்கேதான் ஆபிரகாமும் சாராளும் இருக்கிறார்கள், ஈசாக்கும் ரெபெக்காளும் இருக்கிறார்கள், லேயாளை நான் அங்கேதான் அடக்கம் பண்ணினேன் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார். பிள்ளைகள் யாரும் "அப்படிப் பேசாதீங்கப்பா" என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார்கள். சொன்னபடியே கானானுக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணினார்கள். உங்கள் அப்பா கேட்டதும் இதேதான். தன் தாயோடு கிடக்க ஆசைப்படுகிறார்.

நம் சபைகளில் விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று சொல்வோமே, எபிரெயர் 11, அங்கே யோசேப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். அவர் கண்ட சொப்பனங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. போத்திபார் வீடு இல்லை, சிறைச்சாலை இல்லை, பஞ்சத்திலிருந்து ஒரு தேசத்தையே காப்பாற்றியதும் இல்லை. விசுவாசத்தினாலே அவர் தன் கடைசிக் காலத்தில் தன் எலும்புகளைக் குறித்துக் கட்டளை கொடுத்தார் என்று இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் யாக்கோபு. ஏணியும் இல்லை, தேவனோடு போராடிய இரவும் இல்லை. சாகும் நேரத்தில் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதித்து, கோலின் முனையில் சாய்ந்து தொழுதுகொண்டதுதான் இருக்கிறது. அவ்வளவு பெரிய வாழ்க்கைகளிலிருந்து விசுவாசத்துக்கு அடையாளமாகப் பரிசுத்த ஆவியானவர் எடுத்துக் காட்டியது இந்த இரண்டையும்தான். ஒருவர் தன் அடக்கத்தைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதித்தார். ஆகவே சகோதரி, சாவைப் பற்றிப் பேசுவது அவிசுவாசமா என்று கேட்டீர்களே, உங்கள் வீட்டில் இப்போது யாக்கோபைப் போலவும் யோசேப்பைப் போலவும் பேசிக்கொண்டிருப்பவர் உங்கள் அப்பா ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பட்டர்வொர்த்திலும் பினாங்குத் தீவிலும் நோயாளிகளின் வீடுகளுக்கு நான் போகும்போது அடிக்கடி நடப்பது இது. வீட்டார் வாசலிலேயே என்னை நிறுத்தி, "பாஸ்டர், அவருக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிடாதீங்க" என்பார்கள். உள்ளே போனால், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நோயாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்டர், எனக்குத் தெரியும். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க" என்பார். இரண்டு பக்கமும் அன்புதான். ஆனால் அந்த அன்பு நடுவில் ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது. தன் உடம்புக்குள் நடப்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது, அதைப் பற்றி யாரிடம் பேசலாம் என்பதுதான்.

அம்மா அடக்கியதைப் பற்றிக் கோபப்படாதீர்கள். இயேசு தம்முடைய பாடுகளையும் மரணத்தையும் சொல்லத் தொடங்கியபோது பேதுருவும் அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய், "ஆண்டவரே, இது உமக்கு நேரிடக்கூடாதே" என்று கடிந்துகொண்டார். பேதுரு சொன்னது பாசத்தினால்தான். ஆனாலும் அந்தப் பாசத்துக்காக இயேசு பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். கெத்செமனேயில் அவர் நண்பர்களிடம் கேட்டதும் என்னோடேகூட விழித்திருங்கள் என்றுதான். அவர்கள் தூங்கிவிட்டார்கள். அம்மாவைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவருக்கு இது கணவனின் சாவு. நீங்கள் அப்பாவோடு பேசத் தொடங்குங்கள். பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருநாள் தானாக வந்து கட்டிலில் உட்காருவார். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

எப்படித் தொடங்குவது? நீங்களாகச் செய்தி சொல்ல வேண்டாம். கேளுங்கள். "அப்பா, அன்னைக்கு பாட்டி பக்கத்துல வைப்பீங்களான்னு கேட்டீங்களே, நாங்க சரியா பதில் சொல்லல. இப்ப சொல்லுங்கப்பா, உங்களுக்கு என்ன ஆசை?" இது போதும். பிறகு அவர் எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு தூரம் கூடப் போங்கள். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று அவர் கேட்டால், "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கணுமாப்பா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் உண்மையைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள். காரியத்தைக் கேட்குமுன் பதில் சொல்வது புத்தியீனம் என்று அதே 18ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம் சொல்கிறது.

பாட்டியின் கல்லறை எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த வாரமே யாரையாவது அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள். சுங்கை பாக்காப், பத்து காவான் வட்டாரத்தில் தோட்டங்கள் கைமாறி, வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. பழைய தோட்டத்துக் கல்லறையில் இப்போது புதிதாக அடக்கம் செய்ய இடமும் அனுமதியும் கிடைக்குமா என்று சபை மூப்பர்களிடம் விசாரியுங்கள். முடியாது என்றால் அதையும் அப்பாவிடம் மறைக்காதீர்கள். பாட்டி கல்லறையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து உங்கள் குழியில் போடுகிறோம் என்று சொன்னால் அவருக்கு அதுவே ஆறுதலாக இருக்கலாம். உயில், வீட்டுப் பத்திரம், பேங்க் கணக்கு விஷயங்களையும் அவர் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது.

இப்போது அந்த 14 வருடத்து வார்த்தை. நாவுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னேன் அல்லவா, அதை இங்கேதான் நான் பார்க்கிறேன். உங்கள் வார்த்தை அவருக்கு நோயைத் தரவில்லை. ஆனால் அது அவரைக் காயப்படுத்தியது. உங்களையும் காயப்படுத்தியது, இன்னும் காயப்படுத்துகிறது. நம் குடும்பங்களில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் குறைவு. சண்டை போட்ட மகள் குழந்தையோடு வந்து நின்றால் அப்பா, "சாப்பிட்டியாம்மா?" என்பார், குழந்தையை வாங்கிக்கொள்வார், அத்தோடு முடிந்தது. அந்தக் கேள்வியில் மன்னிப்பு முழுவதும் இருந்தது என்பதை நான் சந்தேகப்படவில்லை. அவர் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டார். ஆனாலும் போய்ச் சொல்லுங்கள். அவருக்காக மட்டும் இல்லை, அவர் போன பிறகு நீங்கள் பல வருடம் வாழ வேண்டுமே, அதற்காகவும்தான். விளக்கம் வேண்டாம், அன்றைக்கு ஏன் கோபம் வந்தது என்று நியாயம் சொல்லவும் வேண்டாம். "அப்பா, கல்யாணத்தப்போ நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். அவருக்கும் உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கலாம். அதற்கு இடம் விடுங்கள்.

தைரியம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் கடைசி வாரங்களில் தூக்கம் அதிகமாகும், பேச்சு குறையும். அப்படி ஆகிவிட்டாலும் பேசுங்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஹாஸ்பிஸில், அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இடத்தில், அசைவற்றுக் கிடந்த நோயாளிகளில் சிலருடைய மூளை கடைசி மணி நேரங்களிலும் ஒலிக்குப் பதில் காட்டியது. அவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காது கேட்கும் என்று நம்பிப் பேசுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வலி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயந்து, வலி தாங்காமல் கத்தும்வரை மருந்தைத் தள்ளிவைக்கிற வீடுகள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த விசுவாசமுள்ள கிறிஸ்தவர். நர்ஸாகத் தொடங்கி டாக்டராகப் படித்தவர். வலி வந்த பிறகு கொடுக்காமல், வருமுன் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். சாகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவுகளிலும் ஆத்துமாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான். உங்கள் அப்பா கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வியும் அந்த வலியில் ஒரு பங்கு. பினாங்கில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஹாஸ்பிஸ் நர்ஸ்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வலியைத் தணித்துப் பராமரிக்கும் பாலியேட்டிவ் பிரிவில் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

ஜெபக்குழுவை வரவேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு முறை வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. ஆனால் வாசலிலேயே தயவாகச் சொல்லிவிடுங்கள்: இன்றைக்கு அப்பாவுக்குப் பிடித்த பாட்டைப் பாடுங்கள், 23ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசியுங்கள், அவர் என்ன ஜெபிக்கச் சொல்கிறார் என்று அவரிடமே கேட்டு ஜெபியுங்கள். விசுவாசம் போதவில்லை என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லவிடாதீர்கள். சாகும் தறுவாயில் இருக்கிற ஒருவர் மேல் அந்தச் சுமையை வைப்பது கொடுமை. பவுல் அப்போஸ்தலனே தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதியிருக்கிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

கடைசியாக, அண்ணன். அதே நிருபத்தில், தன் தேகத்தை விட்டுப் பிரியும் காலம் வந்துவிட்டது என்று அறிந்த பவுல், மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படி தீமோத்தேயுவைக் கெஞ்சிக் கேட்கிறார். கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறினால் புக்கிட் மெர்தாஜாம் நான்கு மணி நேரம்தான். அண்ணனிடம் "லீவு கிடைச்சா வா" என்று சொல்லாதீர்கள். "அப்பா ரொம்ப நாள் இருக்கமாட்டாருண்ணே, உன்கிட்ட பேசணும்னு இருக்காரு, இந்த வாரமே வா" என்று சொல்லுங்கள்.